ஆண்களுக்கான மூலிகைப் போத்தல்கள்: டெஸ்டோஸ்டெரோன் உண்மையில் கூடுகிறதா?

பாரிஸ் லாச்சப்பலோ, லண்டன் ஈஸ்ற்ஹாமோ, ரொறன்ரோவின் ஸ்காபரோவோ, எம்மவர் கடை எங்கிருந்தாலும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கும். முன்பு அதில் சித்தாலேப, பற்பொடி, வேப்பெண்ணெய் என்று இருந்தன. இப்போது அமுக்கிரா, நெருஞ்சில், வெந்தயச் சாறு, சிலாசத்து, டொங்கட் அலி என்று போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. வாங்க வருபவர் கடையில் வேறு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து நிற்பார். பெயர் சொல்ல மாட்டார். "தம்பி, அதிலை ஒண்டு எடும்" என்று விரலால் காட்டுவார். வாங்கிய போத்தல் வீட்டுக்குப் போகாது. காரின் பெட்டிக்குள்ளோ வேலைத்தலத்து அலுமாரியிலோ கிடக்கும். மனைவிக்கும் தெரியாது, குடும்ப வைத்தியருக்கும் தெரியாது.

அந்தப் போத்தல்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். அவற்றை வாங்குபவர்களுக்காகவும், ஒருநாள் தற்செயலாகக் கண்டெடுத்துவிட்டு என்ன கேட்பதென்று தெரியாமல் நிற்கும் மனைவிமாருக்காகவும்.

முதலில் டெஸ்டோஸ்டெரோன் என்றால் என்னவென்று பார்ப்போம். இது ஆண்களின் விதைகளில் சுரக்கும் ஓமோன். எவ்வளவு சுரக்க வேண்டுமென்ற கட்டளை மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பியிலிருந்து வருகிறது. தசை, எலும்பு, மயிர் வளர்ச்சி, குருதிக் கலங்களின் உற்பத்தி, பாலுறவு நாட்டம் எல்லாவற்றிலும் இதற்குப் பங்குண்டு. அதிகாலையில் அளவு உயர்ந்திருக்கும், பின்னேரம் இறங்கிவிடும். முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 வீதம் குறைந்துகொண்டு போவது வழமை. அது நோய் அல்ல, தலை நரைப்பது போலத்தான்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் இதை லீற்றருக்கு இத்தனை நனோமோல் என்று அளப்பார்கள். அமெரிக்காவில் டெசிலீற்றருக்கு இத்தனை நனோகிராம். ஒரு நனோமோல் ஏறத்தாழ 29 நனோகிராமுக்குச் சமம். கனடாவில் உள்ள தம்பியின் அறிக்கையையும் அமெரிக்காவில் உள்ள அண்ணனின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கலங்குபவர்கள் இதைக் கவனிக்கவும். ஐரோப்பிய வழிகாட்டல்கள் 12 நனோமோலுக்குக் கீழே இருந்து, கூடவே நோய்க்குறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்று யோசிக்கச் சொல்கின்றன. அமெரிக்க சிறுநீரியல் சங்கத்தின் எல்லை 300 நனோகிராம். அதுவும் ஒரு தடவை எடுத்த குருதியை வைத்து முடிவெடுப்பதில்லை. இரண்டு வெவ்வேறு நாட்களில் அதிகாலையில் எடுக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு எடுத்தால் அளவு குறைவாகக் காட்டும் என்பதால் வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. காய்ச்சலோடு எடுத்தாலும் குறைத்துக் காட்டும். பின்னேரம் வேலை முடிந்து போய்க் குருதி கொடுத்துவிட்டு "எனக்கு ஓமோன் குறைவாம்" என்று மூலிகை வாங்கத் தொடங்கியவர்கள் பலர்.

ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையான 3,369 ஆண்களை வைத்து நடந்த ஆய்வொன்றின் முடிவு 2010இல் வெளிவந்தது. களைப்பு, மனச்சோர்வு, நாட்டக் குறைவு என்று முறையிட்டவர்கள் ஏராளம். குருதியிலும் குறைவு, அதற்குரிய பாலியல் குறிகளும் உண்டு என்று இரண்டும் பொருந்தியவர்கள் 2.1 வீதத்தினர் மட்டுமே. களைப்பு என்பது பெரும்பாலும் வேறு எங்கிருந்தோ வருகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

நெருஞ்சில்: எங்கள் காலில் குத்திய அதே முள்

ஊரில் வெறுங்காலோடு ஒழுங்கையில் ஓடியவர்களுக்கு நெருஞ்சிலை அறிமுகம் செய்யத் தேவையில்லை. எங்கள் பரியாரிமார் அதை எதற்குக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சிறுநீர் எரிவுக்கு, கல்லடைப்புக்கு, நீர்க்கட்டுக்கு. நெருஞ்சில் குடிநீர் என்றாலே எமது வீடுகளில் மூத்திரம் தொடர்பான மருந்துதான். ஆண்மைக்கும் சில யோகங்களில் சேர்ந்ததுண்டு, ஆனால் அதற்கென்றே பெயர் பெற்ற மூலிகை அல்ல.

அந்தப் பெயர் அதற்குக் கிடைத்தது பல்கேரியாவில். அங்கே இந்தச் செடியின் சாற்றிலிருந்து செய்யப்பட்ட மருந்தொன்று 1980களில் பேசப்பட்டது. அதே காலத்தில் பல்கேரியப் பாரந்தூக்கும் வீரர்கள் உலக மேடைகளில் பதக்கங்களை அள்ளினார்கள். இரண்டையும் இணைத்துக் கதை பரவியது. ட்ரிபுலஸ் என்ற இலத்தீன் பெயரோடு நெருஞ்சில் உடற்பயிற்சிக் கூடங்களுக்குள் நுழைந்தது இப்படித்தான். அந்த நாட்களில் பல்கேரிய அணி ஊக்கமருந்துக் குற்றத்தில் சிக்கியதையும், 1988 சியோல் ஒலிம்பிக்கில் பாதியில் வெளியேறியதையும் போத்தல் விற்பவர்கள் சொல்வதில்லை.

பிறகு ஒழுங்கான சோதனைகள் நடந்தன. பல்கேரியாவிலேயே 2005இல் வெளியான ஆய்வில் 21 இளைஞர்களுக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டெரோன் அசையவில்லை. 2007இல் அவுஸ்திரேலிய றக்பி வீரர்களுக்கு நாளுக்கு 450 மில்லிகிராம் வீதம் ஐந்து வாரம் கொடுத்தார்கள். அங்கும் ஓமோனில் மாற்றமில்லை, பலமும் கூடவில்லை. நெருஞ்சிலைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஓமோன் கூட வேண்டுமென்று அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

அமுக்கிரா: கொஞ்சம் உண்மை, கொஞ்சம் ஆபத்து

அமுக்கிராவின் கதை வேறு. அஸ்வகந்தா என்ற பெயரில் உலகமே வாங்கும் இந்தக் கிழங்கைப் பற்றிச் சாதகமான ஆய்வுகள் இருக்கின்றன. 2015இல் இந்தியாவில் 18 முதல் 50 வயது வரையான 57 ஆண்களை எடுத்து, எல்லோருக்கும் பாரந்தூக்கும் பயிற்சி கொடுத்து, ஒரு பகுதியினருக்கு அமுக்கிராச் சாறு 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை எட்டு வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்கு டெஸ்டோஸ்டெரோன் சராசரியாக 96 நனோகிராம் கூடியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 18 தான். ஆனால் இவர்கள் தொடக்கத்திலேயே 600க்கு மேல், நல்ல அளவில் இருந்த ஆரோக்கியமானவர்கள். குறைபாடு உள்ளவர்களை இந்த ஆய்வு பார்க்கவேயில்லை.

எம்மவருக்குக் கூடுதலாகப் பொருந்துவது 2019இல் வந்த ஆய்வு. 40 முதல் 70 வயது, நிறை கூடியவர்கள், இலேசான களைப்பு உள்ளவர்கள். அமுக்கிரா எடுத்த காலத்தில் டெஸ்டோஸ்டெரோன் வெற்று மாத்திரைக் காலத்தை விட 14.7 வீதம் கூடுதலாக இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் களைப்பு, உற்சாகம், பாலுறவு நலம் என்பவற்றைக் கேட்டபோது வெற்று மாத்திரைக்கும் அமுக்கிராவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எண் கூடியது, மனிதன் வித்தியாசத்தை உணரவில்லை. இந்த ஆய்வுகளில் பல, சாற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களின் ஆதரவோடு நடந்தவை என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

"எங்கட அப்பு குடிச்சவர்தானே, என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்பு குடித்தது கிழங்கைப் பாலில் அவித்து, உலர்த்தி, இடித்து, சுக்கு, மிளகு, ஏலத்தோடு சேர்த்த சூரணம். பரியாரி நாடி பார்த்துக் கொடுத்தார், இத்தனை நாள் என்று எல்லையும் சொன்னார். போத்தலில் இருப்பது செறிவாக்கிய சாறு. சில தயாரிப்புகளில் இலையும் சேர்கிறது. எவரும் நாள் கணக்குச் சொல்வதில்லை. போத்தல் முடிய அடுத்த போத்தல்.

ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அமுக்கிரா எடுத்த ஐந்து பேருக்கு ஈரல் பாதிக்கப்பட்டு மஞ்சள் காமாலை வந்ததை 2020இல் வைத்தியர்கள் பதிவு செய்தார்கள். நிறுத்திய பிறகு சுகமானார்கள். இது அரிது, ஆனால் நடக்கிறது. அமுக்கிரா தைரொயிட் ஓமோனையும் கூட்டக்கூடும். ஏற்கனவே தைரொக்ஸின் குளிசை எடுப்பவர்களும் தைரொயிட் அதிகமாகச் சுரப்பவர்களும் தொடக்கூடாது. பாலியல் ஓமோன்களிலும் தைரொயிட்டிலும் அது ஏற்படுத்தும் தாக்கத்தைக் காரணம் காட்டித்தான் டென்மார்க் 2023இல் உணவுத் துணைப்பொருட்களில் அமுக்கிராவைத் தடைசெய்தது. அங்குள்ள எம்மவர்கள் பக்கத்து நாட்டிலிருந்து இணையத்தில் எடுப்பிக்கிறார்கள் என்றால், தடைக்கான காரணத்தையாவது தெரிந்துகொண்டு செய்யட்டும். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் எந்த நிலையிலும் அமுக்கிரா எடுக்கக்கூடாது. ஒரே போத்தலைக் கணவனும் மனைவியும் பாவிக்கும் வீடுகள் உண்டு என்பதால் சொல்கிறோம்.

வெந்தயம் சமையலறையில் இருக்கும் பொருள். 600 மில்லிகிராம் வெந்தயச் சாற்றை ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கொடுத்த சில ஆய்வுகளில் நாட்டம் கூடியதாகவும், சிலவற்றில் டெஸ்டோஸ்டெரோன் சற்றுக் கூடியதாகவும் வந்திருக்கிறது. பெரிய மாற்றமில்லை. வெந்தயம் சீனியைக் குறைக்கும் என்பதால் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். குருதி உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்கள் செறிவாக்கிய வெந்தயத்தை வைத்தியரிடம் சொல்லாமல் எடுக்கக்கூடாது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்கு வெந்தயமும் ஒத்துவராது. கறியில் போடுவதைப் பற்றி இங்கே பேசவில்லை.

டொங்கட் அலி மலேசியக் காட்டுச் செடியின் வேர். கோப்பிப் பொட்டலமாகவும் வருகிறது. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் நல்ல முடிவு வந்தது. ஆனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அந்த வேர்ச் சாறு மரபணுவைச் சேதப்படுத்தக்கூடும் என்ற காரணத்தால் அதன் பாதுகாப்பை ஏற்க மறுத்தது. பூனைக்காலி விதையில் எல்-டோபா என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் மருந்தும் அதுதான், ஆகவே விளையாட்டுப் பொருள் அல்ல. மக்கா கிழங்கு டெஸ்டோஸ்டெரோனைத் தொடுவதில்லை.

போத்தலுக்குள் எழுதாத மருந்து

மூலிகையை விட எமக்குக் கவலை தருவது மூலிகை என்ற பெயரில் வருவது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை 776 துணைப்பொருட்களில், பெட்டியில் எழுதாத மருந்து கலந்திருப்பதைக் கண்டது. அவற்றில் ஏறத்தாழ 45 வீதம் ஆண்மைக்கென்று விற்கப்பட்டவை. அதிகம் கலந்திருந்தது சில்டெனாஃபில், அதாவது வயக்ராவின் மருந்து. "இந்தப் போத்தல் மட்டும் வேலை செய்யுது அண்ணை" என்று ஒருவர் சொன்னால் முதலில் அந்தச் சந்தேகம்தான் வர வேண்டும். எந்த மூலிகையும் ஒரு மணித்தியாலத்தில் வேலை செய்யாது.

நெஞ்சு வலிக்கு நைற்றேற் குளிசையோ, நாக்கின் கீழ் அடிக்கும் திரவமோ பாவிக்கும் ஒருவர் தெரியாமல் சில்டெனாஃபிலை விழுங்கினால் குருதி அழுத்தம் திடீரென விழுந்து உயிரே போகலாம். தெற்காசியர்களுக்கு இதய நோய் இளவயதிலேயே வருவது எல்லோரும் அறிந்தது. மயங்கி விழுந்தவரை அம்புலன்ஸில் ஏற்றும்போது இப்படியொரு போத்தல் இருப்பதை வீட்டில் எவரும் அறியாவிட்டால், வைத்தியர்கள் அதே நைற்றேற்றை மேலும் கொடுக்கவும் கூடும்.

இன்னொன்று ஈயம். அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதியில் தெற்காசியக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருட்களை வாங்கிப் பரிசோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதோவொன்று இருந்தது. ஐந்தில் ஒன்று. இணையத்தில் வாங்கிய 193 பொருட்களை வைத்து 2008இல் வந்த ஆய்விலும் ஏறத்தாழ அதே விகிதம். ஊரிலிருந்து வருபவரிடம் சொல்லி எடுப்பிக்கும் பற்பம், செந்தூரம், பெயரில்லாத இலேகியம் ஆகியவற்றில் இந்த ஆபத்து இன்னும் கூட.

அப்படியானால் களைப்பு எதனால்?

சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணித்தியாலம் மட்டும் தூங்க விட்டார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டெரோன் 10 முதல் 15 வீதம் விழுந்தது. 2011இல் வெளியான ஆய்வு. இதை வாசிக்கும்போது காலையில் சுத்திகரிப்பு வேலை, மாலையில் உணவகக் குசினி என்று இரண்டு வேலை செய்யும் எமது ஆண்களைத்தான் நினைத்தோம். மனிதன் வாழ்நாளெல்லாம் ஐந்து மணித்தியாலம் தூங்கிவிட்டு, அமுக்கிராவால் கிடைக்கக்கூடிய அதே 15 வீதத்துக்குப் போத்தல் வாங்குகிறான். இரவில் சத்தமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திணறுபவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு நோய் இருக்கலாம். அதைக் கவனிக்கக்கூடியவர் பக்கத்தில் படுப்பவர்தான்.

அடுத்தது வயிறு. வயிற்றுக் கொழுப்பு டெஸ்டோஸ்டெரோனைப் பெண் ஓமோனாக மாற்றுகிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டெரோன் குறைவு. உடல் நிறையில் பத்து வீதத்தை உணவுக் கட்டுப்பாட்டால் குறைத்தவர்களுக்கு சராசரியாக 2 முதல் 3 நனோமோல் கூடியதாக ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. 90 கிலோ உள்ளவர் 81க்கு வந்தால் போதும். மூலிகை தருவதற்குக் குறையாத பலன் இது, ஈரலுக்கும் நல்லது. விறைப்புக் குறைவு என்பது சிலருக்கு மாரடைப்பு வருவதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே தெரியும் அடையாளம். அந்த இடத்துக் குருதிக்குழாய்கள் இதயத்தினதை விட ஒடுங்கியவை, அடைப்பு அங்கே முதலில் தெரிகிறது. போத்தலால் அதை மறைப்பவர் ஓர் எச்சரிக்கையை மறைக்கிறார்.

மருந்துகளும் காரணமாகலாம். ஷெல் துண்டு உடலில் இருப்பவர்கள், முதுகு உடைந்தவர்கள் பல ஆண்டுகளாக ட்ரமடோல் போன்ற வலிக் குளிசைகள் எடுக்கிறார்கள். அந்த வகை மருந்துகள் மூளையிலிருந்து விதைக்குப் போகும் கட்டளையைத் தடுக்கும். மனச்சோர்வுக்கான குளிசைகளில் பல நாட்டத்தைக் குறைக்கும். இவற்றைத் தாமாக நிறுத்தக்கூடாது, ஆனால் வைத்தியரிடம் சொன்னால் மாற்ற வழி இருக்கலாம்.

இனி எழுதக் கடினமானது. லண்டனில் சித்திரவதைக்கு உள்ளானவர்களைப் பராமரிக்கும் மருத்துவ அமைப்பொன்றுக்கு அனுப்பப்பட்ட 184 ஈழத்தமிழ் ஆண்களில் 38 பேர் தடுப்பில் பாலியல் வதைக்கு உள்ளானதாகக் கூறியதை லான்செற் மருத்துவ இதழ் 2000ஆம் ஆண்டு வெளியிட்டது. அது சொன்னவர்களின் கணக்கு. விதையில் காயம்பட்டவருக்கு டெஸ்டோஸ்டெரோன் உண்மையாகவே குறைந்திருக்கலாம். அதைக் குருதிப் பரிசோதனையில் அறியலாம், சிகிச்சையும் உண்டு. சேதமடைந்த விதையை எந்த நெருஞ்சிலும் எழுப்பாது. காயம் ஆறி, ஓமோனும் சரியாக இருந்து, உடல் மட்டும் மறுப்பவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேவையான உதவி வேறு வகையானது, அதுவும் பல நாடுகளில் கிடைக்கிறது. இவர்களில் ஒருவர் இருபது வருடமாக இதை எவருக்கும் சொல்லாமல் கல்லாவுக்கு முன்னால் விரலைக் காட்டிக்கொண்டு நிற்கலாம் என்பதை நினைக்கும்போதுதான் இந்தக் கட்டுரை அவசியம் என்று தோன்றியது.

பிள்ளைப்பேறுக்குக் காத்திருக்கும் தம்பதிகளுக்கும் ஒரு எச்சரிக்கை. மூலிகை வேலை செய்யவில்லையென்று உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் மூலம் டெஸ்டோஸ்டெரோன் ஊசி போடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து ஓமோன் வந்ததும் மூளை விதைக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி முற்றாக நின்றும் போகலாம். நிறுத்திய பிறகு திரும்ப மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். ஆண்மைக்கென்று போட்ட ஊசியால் பிள்ளை தள்ளிப்போகிறது. பழி வழமைபோல் மனைவியின் தலையில் விழுகிறது.

வைத்தியரிடம் போவதில் எம்மவருக்கு இன்னொரு தடை, மொழி. பதினான்கு வயது மகளை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகும் தகப்பன் இதைப் பற்றி எப்படி வாய் திறப்பார்? கால்வலி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவார். பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரும், தொலைபேசியிலும் தரும். நோர்வேயில் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைச் சட்டமே தடுக்கிறது. மற்ற நாடுகளிலும் முன்பதிவு செய்யும்போதே கேட்டுப் பார்க்கலாம். தமிழ்ச் சமூகத்தில் தெரிந்த முகம் வந்துவிடுமோ என்று பயமிருந்தால் தொலைபேசி மொழிபெயர்ப்பையும், ஆண் மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள்.

போகும்போது போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். வெட்கமாக இருந்தால் பின்பக்கத்து எழுத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டினாலும் போதும். எத்தனை நாளாக, நாளுக்கு எத்தனை என்பதையும், இரவு வேலை செய்பவரென்றால் எத்தனை மணிக்குத் தூங்கி எழும்புகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். குருதியை எந்த நேரத்தில் எடுப்பது என்று வைத்தியர் அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்.